மாங்குயில் குயிலன்று: ஒரு பறவைக் குடும்பத்தின் பெயரும் உறவும்

பறவைப் பெயர் ஒன்றைப் பாடத்தில் கண்டு, அதன் பொருள் அறிய அகராதியைப் புரட்டுகிறோம். 'ஒருவகைப் பறவை' என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அதனை ஏட்டில் குறித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குச் செல்கிறோம். எவ்வகைப் பறவை, எங்கு வாழ்வது, அதன் சுற்றம் யாது என்னும் வினாக்கள் எழுவதற்கு முன்பே பாடம் முடிந்துவிடுகிறது. இவ்வாறு பொருளிழந்த பெயர்கள் நம் மொழியில் பெருகிவருகின்றன. சொல் இருக்கிறது, அதற்குரிய உயிர் நம் கண்ணெதிரே மரக்கிளையில் அமர்ந்திருக்கிறது, இரண்டையும் இணைப்பார் இல்லை.

அத்தகைய பெயர்களுள் ஒன்று மாங்குயில். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நாம் நாள்தோறும் காணத்தக்க பறவை இது. இதன் பெயரை ஆராய்ந்தால் பெயர் எவ்வாறு வழிகாட்டுகிறது என்பது மட்டுமன்றி, எவ்வாறு வழிதவறச் செய்கிறது என்பதும் விளங்கும். ஆகவே இவ்வுரையில் மாங்குயில் குடும்பத்தின் பண்புகளை விளக்குவதோடு, ஓர் உயிரை எந்த அடையாளத்தால் அறிவது என்னும் வினாவையும் எடுத்துக்கொள்கிறோம்.

பெயர் தரும் மயக்கம்

மாங்குயில் என்னும் சொல்லில் 'குயில்' இருக்கிறது. ஆயினும் மாங்குயில் குயிலினத்தைச் சேர்ந்ததன்று. இரண்டின் கால்களையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு புலப்படும். குயிலின் கால்விரல்கள் நான்கனுள் இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் அமைந்தவை. மாங்குயிலுக்கோ மூன்று விரல்கள் முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் உள்ளன. காகம், மைனா, சிட்டுக்குருவி ஆகியவற்றுக்கும் இவ்வமைப்பே உண்டு. வாழ்முறையும் வேறு. நாம் விடியற்காலையில் கேட்கும் குயில் கூடு கட்டுவதில்லை. காகம் முதலியவற்றின் கூட்டில் முட்டையிட்டுச் செல்கிறது. மாங்குயிலோ தன் கூட்டைத் தானே பின்னித் தன் குஞ்சுகளைத் தானே வளர்க்கிறது. இனிய குரல் ஒன்றே இரண்டையும் ஒரு பெயரின்கீழ்க் கொண்டுவந்தது எனலாம்.

மாம்பழத்தான், மாம்பழக் குருவி என்னும் பெயர்களும் இப்பறவைக்கு வழங்குகின்றன. இங்கும் ஒரு மயக்கம் உண்டு. மாம்பழச் சிட்டு எனப்படும் மற்றொரு சிறு பறவை இருக்கிறது. அதுவும் மஞ்சள் நிறமுடையது. அதுவும் சிங்கப்பூர்த் தோட்டங்களில் காணப்படுவது. ஆயினும் அது வேறு குடும்பத்தைச் சார்ந்தது.

பிற மொழியினர் இப்பறவைக்கு வைத்த பெயர்களையும் நோக்குவோம். மலாய் மொழியில் இதனைப் 'புருங் குன்யிட்', அதாவது மஞ்சள்கிழங்குப் பறவை என்பர். சீனமொழியில் 'ஹுவாங்லீ' என்பர். 'ஹுவாங்' என்பதற்கு மஞ்சள் என்பது பொருள். இலங்கையில் வாழும் கருந்தலை மாங்குயிலைச் சிங்களத்தில் 'கஹ குருல்லா' என்பர், அதுவும் மஞ்சட்பறவையே. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஓரியோல்' என்னும் பெயரும், அறிவியற் பெயராகிய 'ஓரியோலஸ்' என்பதும், பொன்னிறமுடையது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகள் பலவும் நிறத்தையே பெயராக்கின. தமிழோ குரலையும் மாவையும் பெயராக்கியது. இரு வழியிலும் அழகு உண்டு. ஆனால் நிறமோ குரலோ இப்பறவையின் உறவை முழுமையாகக் காட்டுமா என்பதே நம் வினா.

நம் குடியிருப்பின் மாங்குயில்

முதலில் நமக்கு அணுக்கமான இனத்தை அறிந்துகொள்வோம். சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டைகளிலும் பூங்காக்களிலும் சதுப்புநிலக் கரைகளிலும் காணப்படுவது கரும்பிடரி மாங்குயில். இதன் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். மைனாவுக்குச் சற்றே பெரியது என்று மாணவர்க்குச் சொல்லலாம். உடல் ஒளிமிக்க மஞ்சள். அலகு பருத்து, இளஞ்சிவப்பு நிறமுடையது. கண்ணின் வழியாகச் செல்லும் கரிய பட்டை, தலையைச் சுற்றிப் பிடரியில் மறுபக்கப் பட்டையோடு சேர்கிறது; பெயருக்குக் காரணம் அதுவே. சிறகுகளிலும் வாலிலும் கருமையும் மஞ்சளும் கலந்திருக்கும். பெண்பறவையின் மேனியில் பசுமை சற்று மிகுதி. இளம்பறவையின் மார்பில் கரிய கோடுகள் காணப்படும். பிடரிப் பட்டை தெளிவாக இராது. இதனால் இளம்பறவையை வேறோர் இனமெனக் கருதுவோரும் உளர்.

இத்துணை எளிதில் காணப்படும் இப்பறவை, 1920ஆம் ஆண்டுகளுக்கு முன்னர் மலாயாத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளியாகவே இருந்தது. வடகிழக்காசியாவில் இனப்பெருக்கம் செய்யும் கூட்டம், அங்குக் குளிர் தொடங்கியதும் தெற்கு நோக்கி வரும். பருவம் மாறியதும் திரும்பும். பின்னர் இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூட்டம் உருவாயிற்று. இன்றும் ஆண்டின் இறுதி மாதங்களில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் இங்குள்ளவற்றோடு கலந்து வாழ்கின்றன. ஒரே கிளையில் அமர்ந்திருக்கும் இரு மாங்குயில்களுள் ஒன்று இம்மண்ணில் பிறந்ததாகவும், மற்றொன்று கடல் கடந்து வந்ததாகவும் இருக்கக்கூடும். குடியேற்றத்தால் உருவான இந்நாட்டிற்கு இது பொருத்தமான பறவையே.

குடும்பத்தின் பொதுப் பண்புகள்

மாங்குயில் குடும்பத்தில் ஏறத்தாழ 40 இனங்கள் உள்ளன. அவற்றுள் 30 இனங்கள்வரை ஓரியோலஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு கண்டங்களில் இவை பரவியுள்ளன. இப்பேரினத்தின் பொதுப் பண்புகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, இவை மரவுச்சியில் வாழ்வன. இலைச்செறிவினூடே இரைதேடும், தரையில் இறங்குவது அரிது. அதனால்தான் இத்துணைப் பளிச்சென்ற நிறமுடைய பறவையையும் காண்பது சிலவேளை அரிதாகிறது. ஒளியும் நிழலும் கலந்த இலைகளுக்கிடையே மஞ்சளும் கருமையும் எளிதில் மறைந்துவிடுகின்றன. குரலைக் கேட்டபின்பே பெரும்பாலோர் தலைநிமிர்ந்து பார்க்கின்றனர்.

இரண்டாவது, உணவு. பழங்களும் பூச்சிகளுமே முதன்மை. அத்தி, ஆல் முதலியவற்றின் கனிகளை விரும்பி உண்டு விதைகளைப் பரப்புகின்றன. கம்பளிப்பூச்சிகளையும் உண்கின்றன. பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்வதும் உண்டு. கரும்பிடரி மாங்குயில் இவ்வகையில் பேர்பெற்றது. அழகிய பறவை என்பதால் அது சாதுவானது என்று கொள்ளுதல் தவறாகும்.

மூன்றாவது, கூடு. கவட்டைக் கிளையின் இரு கொம்புகளுக்கிடையே நார், புல், வேர் முதலியவற்றால் பின்னி, ஏணையைப்போல் தொங்கவிடப்பட்ட ஆழமான கிண்ணம் இது. காற்றில் கிளை ஆடினும் முட்டைகள் உருண்டு வீழா. நம் கரும்பிடரி மாங்குயில் இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அவை பொரிகின்றன. கரிச்சான் கூடு கட்டிய மரத்திலோ அதனருகிலோ மாங்குயில் கூடு கட்டுவதைப் பறவையியலார் பலர் குறித்துள்ளனர். கரிச்சான் தன் எல்லைக்குள் வரும் காகத்தையும் பருந்தையும் அஞ்சாது விரட்டும் இயல்புடையது. அதன் அண்டையில் வாழ்வது மாங்குயிலுக்கும் காவலாகிறது.

நான்காவது, குரல். புல்லாங்குழலின் ஓசையை நிகர்த்த, தெளிவான, நெகிழ்ந்து இறங்கும் கூவல் இக்குடும்பத்தின் முத்திரை. அதே தொண்டையிலிருந்து பூனையின் சீற்றத்தை ஒத்த கரகரப்பான ஒலியும் எழும். இரண்டும் ஒரே பறவையின் குரல் என்று அறியாமல் மரத்தில் பூனையைத் தேடுவோரும் உண்டு.

ஐந்தாவது, சிறகமைப்பு. பறத்தலுக்கு உதவும் முதன்மை இறகுகள் ஒவ்வொரு சிறகிலும் பத்து உள்ளன. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் பின்னர் வரும் ஒரு வழக்கைத் தீர்ப்பதற்கு இவ்வெண் நமக்குப் பயன்படும்.

நிறம் மாறிய உறவினர்

மேற்கண்ட பண்புகளுள் 'மஞ்சள் நிறம்' என்பதை நாம் சேர்க்கவில்லை. காரணம் உண்டு. மலேசியாவின் மலைக்காடுகளில் செங்கருப்பு மாங்குயில் வாழ்கிறது. ஆண்பறவையின் உடல் பெரும்பாலும் கருமை. மார்பில் குருதிச் சிவப்பு. மஞ்சள் ஒரு துளியும் இல்லை. சரவாக் மாநிலத்தின் மலைக்காடுகளில் இன்னோர் இனம் உண்டு. வாலின் அடிப்புறம் செம்பழுப்பாக இருப்பதைத் தவிர அது முற்றும் கரியது. 1892இல் அறிவியலுலகிற்கு அறிமுகமான இக்கருமாங்குயில், போர்னியோத் தீவுக்கு வெளியே எங்கும் இல்லை. இமயமலை முதல் தைவான்வரை வாழும் மற்றொரு மாங்குயில் அரக்குச் சிவப்பு நிறமுடையது. ஆஸ்திரேலியாவில் வாழும் ஒன்றோ முதுகில் பசுமையும், வெளிறிய மார்பில் கரிய கோடுகளும் உடையது. இவை யாவும் ஓரியோலஸ் பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகளே.

குடும்பத்தின் எல்லையை இன்னும் சற்று விரித்தால் வியப்பு மிகும். ஆஸ்திரேலியாவிலும் அதனையடுத்த தீவுகளிலும் வாழும் அத்திப்பறவைகள் இக்குடும்பத்தின. அவற்றுள் ஆணின் கண்ணைச் சுற்றி இறகற்ற சிவந்த தோல் காணப்படும். நியூசிலாந்தில் வாழ்ந்து அற்றுப்போன பியோபியோ என்னும் பழுப்புநிறப் பறவையும் மாங்குயிலுக்கு உறவு என்று மரபணு ஆய்வுகள் காட்டின.

அனைத்திலும் வியத்தகு உறவினர் நியூகினித் தீவின் பிட்டோகுயி. ஆரஞ்சும் கருமையும் கலந்த இப்பறவையின் தோலிலும் இறகுகளிலும் நஞ்சு உள்ளது. அத்தீவு மக்கள் இதனை உண்ணத் தகாதது என்று முன்பே அறிந்திருந்தனர். 1992இல் வெளியான ஆய்வுக்கட்டுரை அந்நஞ்சை அடையாளம் காட்டியது. தென்னமெரிக்காவின் நச்சுத் தவளைகளிடம் காணப்படும் அதே வகை நஞ்சு அது. பறவை அதனைத் தானே உருவாக்குவதில்லை. தான் உண்ணும் ஒருவகை வண்டிலிருந்து பெறுகிறது.

இங்கே பெயர் பற்றிய பாடம் ஒன்றும் உண்டு. நீண்ட காலமாகப் பிட்டோகுயி என்று அழைக்கப்பட்ட பறவைகள் பல. மரபணுக்களை ஆராய்ந்தபோது அவற்றுள் சில மட்டுமே மாங்குயில் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றும், ஏனையவை வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்றும் தெரியவந்தது. பெயர் ஒன்று, பிறப்பு வேறு.

நிறம் ஒத்த அயலார்

இனி, வழக்கின் மறுபக்கம். அமெரிக்கக் கண்டங்களிலும் 'ஓரியோல்' எனப்படும் பறவைகள் 30க்கும் மேற்பட்டவை உள்ளன. மஞ்சள் அல்லது ஆரஞ்சு உடல், கரிய சிறகு, இனிய பாட்டு, தொங்கும் கூடு என எல்லாம் மாங்குயிலை நினைவூட்டுகின்றன. அங்குக் குடியேறிய ஐரோப்பியர் தம் தாய்நாட்டுப் பறவையை நினைந்து அதே பெயரை இட்டனர். பொதுமக்கள் மட்டுமன்றி, உயிரினங்களை வகைப்படுத்தும் முறைக்கு அடித்தளமிட்ட லின்னேயஸும் 1766இல் வெளிவந்த தம் நூலில், ஐரோப்பிய மாங்குயிலையும் அமெரிக்காவின் பால்டிமோர்ப் பறவையையும் ஓரியோலஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைத்தார்.

ஆயினும் அவை உறவினர் அல்ல. முன்னர்க் குறித்த சிறகெண்ணை இங்கு நினைவுகூர்வோம். மாங்குயிலின் சிறகில் பத்து முதன்மை இறகுகள்; அமெரிக்கப் பறவைகளின் சிறகில் வெளிப்படத் தோன்றுபவை ஒன்பதே. மரபணுச் சான்றும் இதனை உறுதிசெய்கிறது. அமெரிக்கப் பறவைகள் அக்கண்டத்துக்கே உரிய வேறொரு பெருங்குடும்பத்தின. நம் மாங்குயிலோ காகம், கரிச்சான் ஆகியவை அடங்கிய பெருங்கிளையைச் சேர்ந்தது. அதாவது, பொன்னிற மாங்குயிலுக்கு அமெரிக்காவின் பொன்னிறப் பறவையைவிட நம் வீட்டுக் கூரையில் கரையும் கரிய காகமே நெருங்கிய உறவு.

தொடர்பில்லாத இரு கூட்டங்கள் ஒத்த தோற்றத்தை அடைவதை உயிரியலார் ஒருங்கிய படிமலர்ச்சி என்பர். மரவுச்சியில் வாழ்ந்து, பழமும் பூச்சியும் உண்டு, பாடி இணைதேடும் வாழ்க்கை இரண்டுக்கும் பொது. ஒத்த வாழ்க்கை ஒத்த தோற்றத்திற்கு வழிவகுத்தது. சுறாமீனும் ஓங்கிலும் ஒத்த வடிவம் பெற்றிருப்பதை மாணவர்க்கு இணைச் சான்றாகக் காட்டலாம்.

வேடம் பூண்ட மாங்குயில்

நிறம் உறவைக் காட்டாது என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. அதனை வெளிக்கொணர்ந்தவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். 1854இல் சிங்கப்பூர் வந்திறங்கிய இவ்வாய்வாளர், எட்டாண்டுக் காலம் இத்தீவுக்கூட்டங்களில் பயணம் செய்து, 1869இல் 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் நூலை வெளியிட்டார். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள புரு என்னும் தீவில் அவர் கண்ட காட்சி நாம் அறியத்தக்கது.

அத்தீவில் துறவிப்பறவை எனத்தக்க ஒருவகைத் தேனுண்ணிப் பறவை வாழ்கிறது. அது வலிமையும் கூர்நகமும் உடையது, பேரொலி எழுப்புவது, கூட்டமாகச் சேர்ந்து காகத்தையும் பருந்தையும் விரட்டுவது. அதே தீவின் மாங்குயில், தன் குடும்பத்திற்குரிய பொன்னிறத்தைத் துறந்து, அத்துறவிப்பறவையின் பழுப்பு நிறத்தைப் பூண்டிருக்கிறது. துறவிப்பறவையின் கண்ணைச் சுற்றி இறகற்ற கருந்தோல் உண்டு. மாங்குயிலிடம் அவ்விடத்தில் கரிய இறகுகள் தோலைப்போல் தோற்றமளிக்கின்றன. வலிய பறவையென எண்ணி எதிரிகள் அணுகாதிருப்பதால் மாங்குயில் பிழைக்கிறது என்று வாலஸ் விளக்கினார். அண்டைத் தீவாகிய செராமிலும் அங்குள்ள துறவிப்பறவையை அங்குள்ள மாங்குயில் அவ்வாறே ஒத்திருப்பதை அவர் கண்டார்.

எதிரிகள் மட்டும் ஏமாறவில்லை. வாலஸுக்கு முன்னர் அத்தீவுக்குச் சென்ற பிரெஞ்சு ஆய்வுப் பயணத்தின் அறிக்கையில், புரு மாங்குயில் தேனுண்ணிப் பறவையாகவே பெயரிடப்பட்டுப் படத்துடன் வெளியாகியிருந்தது. பறவையைக் கையிலேந்தி ஆராய்ந்த அறிஞரையும் வேடம் ஏமாற்றிவிட்டது.

இவற்றால் நாம் பெறும் முடிவு இது: ஒரே குடும்பத்தினர் நிறத்தால் வேறுபடலாம், வேறு குடும்பத்தினர் நிறத்தால் ஒன்றுபடலாம், ஒரு குடும்பத்தினர் மற்றொரு குடும்பத்தின் நிறத்தைப் பூணவும் செய்யலாம். உடலின் அமைப்பையும் மரபணுவையும் சேர்த்துக் காண்பவர்க்கே உறவு விளங்கும்.

பெயரிடும் பொறுப்பு

அப்படியாயின் மாங்குயில் என்னும் பெயரைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பெயர் என்பது வகைப்பாட்டு அட்டவணையன்று. அது மக்கள் ஒரு பறவையோடு கொண்ட பழக்கத்தின் பதிவு. 'குயில்' என்னும் சொல் அதன் குரலைக் கேட்ட காதின் சான்று. அதனை அழித்தால் அக்கேள்வியின் வரலாறும் அழியும். ஆனால் அப்பெயரைக் கற்பிக்கும்போது அது குயிலன்று என்பதையும் உடன்சொல்லுதல் நம் கடமை.

புதிய பெயர் அமைக்குமிடத்தில் மேலும் கவனம் தேவை. இவ்வுரையில் கரும்பிடரி, கருந்தலை, செங்கருப்பு என்னும் அடைகளால் இனங்களை வேறுபடுத்தினோம். 'மாங்குயில்' என்பது உறவைக் குறிக்கும் பொதுச்சொல்லாக நிற்க, அடைமொழி தனியடையாளத்தைச் சொல்கிறது. இம்முறையைப் பின்பற்றினால், மஞ்சள் நிறமே இல்லாத சரவாக்கின் பறவையையும் கருமாங்குயில் என்று தயக்கமின்றி அழைக்கலாம். நிறத்தை அடிச்சொல்லாகக் கொண்ட மொழிகளுக்கு இவ்வசதி குறைவு; கரிய பறவையை மஞ்சட்பறவை என்பது முரணாக முடியும். தமிழ்ப்பெயர் நிறத்தைச் சாராதது என்பது நமக்கு வாய்த்த நற்பேறு. அமெரிக்கப் பறவைகளையோ மாங்குயில் என்று மொழிபெயர்க்காமல், 'அமெரிக்க ஓரியோல்' என்று வழங்குவதே தெளிவு தரும்.

ஆசிரியர்கள் மாணவர்க்கு இதனை ஒரு பயிற்சியாகத் தரலாம். பள்ளியைச் சூழ்ந்த மரங்களில் மாங்குயிலைக் கண்டதும் 'மஞ்சட்பறவை கண்டேன்' என்று எழுதி நிறுத்தாமல், நான்கு செய்திகளைத் தமிழில் எழுதச் சொல்லலாம்: பிடரிப் பட்டை இரு பக்கத்தும் இணைகிறதா? மார்பில் கோடுகள் உண்டா? எம்மரத்தில், எதனை உண்டது? கூவியதா, கரகரத்ததா? பிடரி, அலகு, கவட்டை, ஏணை, கூவல் ஆகிய சொற்கள் அப்போது தேவையினால் பிறக்கும். தேவையினால் கற்ற சொல் எளிதில் மறவாது. ஆண்டின் இறுதியில் எண்ணிக்கை கூடுகிறதா என்று குறித்துவந்தால், வடக்கிலிருந்து வரும் விருந்தினரையும் அவர்கள் அறிந்துகொள்வர்.

மற்றொன்றும் சொல்லத்தக்கது. பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில் வாழும் இசபெல்லா மாங்குயில், அற்றுப்போயிற்று என்று கருதப்பட்டு, 1993இல் மீண்டும் கண்டறியப்பட்டது. காடழிப்பினால் இன்றும் அது அழிவின் விளிம்பிலேயே நிற்கிறது. நியூசிலாந்தின் பியோபியோ திரும்பவே இல்லை. அதன் உறவை நாம் அறிந்தது அது மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னரே. நம் கரும்பிடரி மாங்குயிலுக்கு அந்நிலை இல்லை. நகரத்தையும் தன் காடாக்கிக்கொண்டு அது பெருகி வாழ்கிறது. அதனை அறிந்துகொள்ள நெடும்பயணம் தேவையில்லை; பள்ளித் திடலில் ஓர் ஆலமரம் பழுத்திருந்தால் போதும். அகராதியில் 'ஒருவகைப் பறவை' என்று எழுதப்பட்ட இடத்தில் நம் மாணவர் எழுதக்கூடிய வரிகள் அங்கே காத்திருக்கின்றன.